பாச்சலூர் மலையில் யாருக்குப் பயம்?

பழனிமலைத் தொடர் என்றதும் பெரும்பாலோருக்குக் கோடைக்கானல் ஏரியும், அதில் மிதக்கும் படகுகளும், தூண் பாறைகளுமே ஞாபகத்துக்கு வருகின்றன. மதுரைச் சீமையின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-ஆம் ஆண்டில் அங்கே பங்களாக்கள் கட்டிக்கொண்ட நாள் தொட்டு, மலையின் புகழ் முழுவதையும் கோடைக்கானலே தட்டிக்கொண்டு போய்விட்டது. கீழ்மலை என்று ஒன்று இருப்பதையும், அங்கே பாச்சலூர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று ஊர்கள் இருப்பதையும் உல்லாசப் பிரயாணிகள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அதுவும் ஒரு பாக்கியந்தான்!

பாச்சலூருக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து மலையேற வேண்டும். பக்கத்தில்தான் விருப்பாட்சி. கும்பெனியாரை எதிர்த்து நின்று 1801-ஆம் ஆண்டில் தூக்கிலேறிய கோபால நாயக்கருடைய ஊர். காய்கறிச் சந்தையின் இரைச்சல் பின்னால் ஒடுங்கியதும் பாதை தெற்கே திரும்புகிறது. வடகாட்டுப் பக்கம் பரப்பலாறு அணைத் தண்ணீர் ஒரு கணம் கண்ணைப் பறிக்கிறது. அப்புறம் வளைவுக்கு மேல் வளைவு. காற்று குளிர்கிறது, உயர்ந்த நிழல் மரங்களின் கீழ்க் காப்பிச் செடிகள் தலை காட்டுகின்றன, மரத்துக்கு மரம் மிளகுக் கொடி தழுவி ஏறியிருக்கிறது. சரிவுகளில் மலைவாழை. பழனியாண்டவர் பஞ்சாமிருதத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த விருப்பாட்சிப் பழம் விளைகிற மண் இதுதான்.

இத்தனை அழகையும் கண்குளிரப் பார்க்க விடாமல் நம்மைத் துரத்தி வந்தது ஒரே ஒரு புத்திமதி. "யானை இருக்கிறது, ஜாக்கிரதை! காட்டுமாடு இருக்கிறது, ஜாக்கிரதை!" ஊரில் சொன்னார்கள், சந்தையில் சொன்னார்கள், மலையில் ஒருநாளும் கால் வைக்காதவர்கள்தாம் எல்லோரிலும் உரக்கச் சொன்னார்கள். ஆகவே, இந்தப் பயத்தில் மெய் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தோம்.

காட்டுமாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். வெள்ளைக்காரத் துரைகள் இதற்கு 'பைஸன்' என்று பேர் வைத்தார்கள். வைத்தது தப்புப் பேர்; அமெரிக்கச் சமவெளியின் பைஸன் வேறு, இது வேறு. காட்டெருமை என்று நம்மவர்கள் சொல்வதும் பொருந்தாது. இது எருமையல்ல, பசுவின் உறவு. பழந்தமிழர் 'ஆமா' என்று சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். முதிர்ந்த காளை ஓர் ஆள் உயரம் நிற்கும். ஆயிரம் கிலோ வரைகூட எடை இருக்கும். கறுத்த மேனி, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை மாட்டியது போலிருக்கும். பார்த்தாலே வயிற்றைக் கலக்கும் உருவந்தான். ஆனால் புல்லைத் தவிர அதற்கு வேறு சிந்தனை குறைவு. மனித வாடை பட்டால் மூக்கால் சீறிவிட்டு விலகிப் போவதுதான் அதன் வழக்கம். கன்றை ஈன்ற பசுவையும், கூட்டத்தை விட்டுத் தனித்துத் திரியும் கிழக்காளையையும் நெருங்கினால் மட்டும் அந்த வழக்கத்தை நம்புவதற்கில்லை. கோடைக்கானல் பட்டணத்துக்குள் காட்டுமாடு முட்டி மாண்டவர்களும் உண்டு.

இதைக் கேட்டபோது நமக்குச் சுறாமீன் ஞாபகம் வந்தது. மலையில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசுவானேன் என்று நேயர்கள் சிரிக்க வேண்டாம். பயம் எப்படி வளருகிறது என்பதற்குச் சுறாவைப் போல் நல்ல உதாரணம் வேறு இல்லை. சுறாவில் 500-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் மனிதனைக் கொன்றதாகப் பெரும்பாலும் பேர் அடிபடுவன வெள்ளைச் சுறா, புலிச்சுறா, காளைச் சுறா ஆகிய மூன்றே. உலகத்துக் கடல்கள் எல்லாவற்றிலும் நீந்துகிற கோடானுகோடி ஜனங்களில், தாங்களாகச் சீண்டாமலே சுறாவால் கடிபடுவோர் ஆண்டுக்கு அறுபது எழுபது பேர்; மாள்வோர் சராசரி ஐந்தாறு பேர். நம்மைச் சுறா தின்றதைக் காட்டிலும் நாம் தின்ற சுறாப்புட்டே எவ்வளவோ அதிகம்!

நம் கடற்கரையார் இந்த விஷயத்தை ஒரு மாதிரியாகச் சமாளித்து வந்தார்கள். மன்னார்க் குடாவில் முத்துக் குளிப்பவர்களுக்காகச் சுறாவின் வாயைக் கட்ட மந்திரவாதிகள் இருந்தார்கள். அவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். பிற்காலத்தில் தூத்துக்குடியில் 'கடல்கட்டி' என்ற பரம்பரை உத்தியோகமே இருந்தது. கும்பெனிச் சர்க்காரும் அதை ஒத்துக்கொண்டது. கடல்கட்டி வராவிட்டால் ஒரு பரவரும் தண்ணீரில் இறங்க மாட்டார். மந்திரத்தின் மகிமையோ, சுறாவின் நல்ல குணமோ, முத்துக் குளிப்பில் சுறாவுக்குப் பலியானவர்கள் மிகச் சொற்பம். நமக்கென்னவோ சுறாவின் குணத்தையே நம்பத் தோன்றுகிறது. எனினும், மூச்சை அடக்கிக்கொண்டு ஆழத்தில் இறங்குகிறவருக்குத் தைரியம் கொடுத்தவர் கடல்கட்டியல்லவா? அந்தக் கூலி வீண் கூலியல்ல.

அப்படியானால் யானைப் பயமும் சுறாப் பயத்தைப் போன்றதுதானா? அதுதான் இல்லை. கணக்கு இங்கே வேறு விதமாகப் பேசுகிறது. 2019 முதல் 2023 வரை ஐந்தாண்டுகளில் நம் தேசத்தில் யானையால் மாண்டவர்கள் 2,853 பேர் என்று பார்லிமெண்டில் சர்க்கார் தெரிவித்திருக்கிறது. ஆண்டுக்கு ஐந்நூறுக்கு மேல்! இருந்தாலும் இதற்கும் ஓர் அண்ணன் உண்டு. 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் மாண்டவர்கள் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று ஆராய்ச்சிக்காரர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த அண்ணனுக்கும் ஓர் அண்ணன் சாலை விபத்து: 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 உயிர். யானைக்குப் பயந்து ஜன்னலை மூடிக்கொள்ளும் பிரயாணி, கொண்டையூசி வளைவில் பஸ் முந்துகிறபோது கவலையில்லாமல் கடலை கொறிக்கிறார்!

பாச்சலூரில் தேநீர்க் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றி விசாரித்தோம். "யானை நிக்கிறது தெரிஞ்சா பயமில்லே சாமி. தெரியாம எதிர்க்கப் போயி நிக்கிறதுதான் பயம்" என்றார்.

இந்த ஒரே வாக்கியத்தை ஆனைமலையில் வால்பாறைப் பக்கம் பல வருஷ ஆராய்ச்சியும் ஊர்ஜிதம் செய்திருக்கிறது. அங்கே யானையால் மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் யானை அருகில் இருப்பதையே அறியாமல், அந்தி நேரத்திலோ இரவிலோ வழி நடந்தவர்கள். இதைக் கண்ட ஆனந்தகுமார் என்பவரும் அவருடைய சகாக்களும் பெரிய ஆயுதம் எதையும் தேடவில்லை. யானை எங்கே நிற்கிறதென்று சாயங்காலம் டெலிவிஷனில் ஒரு வரி ஓடவிட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் கைபேசிக்குச் செய்தி அனுப்பினார்கள். பாதை ஓரங்களில் சிவப்பு விளக்குகள் எரியச் செய்தார்கள். உயிர்ச் சேதம் வெகுவாகக் குறைந்தது. 2015-ஆம் ஆண்டில் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது.

கீழ்மலையில் யானை ஏன் வருகிறது என்பதும் ரகசியமல்ல. நாளொன்றுக்கு 150 கிலோ தீவனம் வேண்டிய பிராணிக்கு, பலாப்பழம் கமழும் தோட்டமும் வாழைச் சரிவும் கல்யாண விருந்து. மிருகத்துக்கு எது காடு, எது பட்டா நிலம் என்று யார் சொல்லிக் கொடுப்பது? தினைப்புனத்தில் வள்ளியை அச்சுறுத்த விநாயகர் யானையாக வந்தார் என்ற கதையைச் சொல்லி வைத்தவர்கள், புனத்துக்கு யானை வருவதை நன்றாகக் கண்டவர்களாகவே இருந்திருக்க வேண்டும். காட்டுமாட்டுக்கும் இதே வழக்குத்தான். பழனிமலையின் உயர்ந்த பாகங்களில் இருந்த புல்வெளிகளில் சீகையும் தைலமரமும் பைன் மரமும் நட்டார்கள், அவை பரவின. 1973-க்கும் 2014-க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மேய்ச்சல் போன மாடு பங்களாத் தோட்டத்துப் புல்லைத் தேடி வராமல் என்ன செய்யும்?

ஒரு ராத்திரியில் வருஷ உழைப்பை இழக்கும் குடியானவருடைய கோபத்தை நாம் அலட்சியமாகப் பேச மாட்டோம். ஆனால் வேலியில் நேராக மின்சாரத்தைப் பாய்ச்சுவது தோட்டத்தைக் காக்கும் வழியல்ல. நம் தேசத்தில் இயற்கையாகவன்றி மடியும் யானைகளில் மின்சாரத்துக்கு இரையாவனவே அதிகம். அந்தக் கம்பி யானையென்றும் பக்கத்து வீட்டுப் பிள்ளையென்றும் பார்ப்பதில்லை. சூரிய ஒளியால் இயங்கும் வேலி விட்டு விட்டு அடிக்கும், வலிக்கும், கொல்லாது. அதை வாங்கிப் போட எல்லோரிடமும் பணம் இல்லை என்பதுதான் சங்கடம்.

ஆக, பகலில் பஸ்ஸில் வந்து பகலிலேயே இறங்கிப் போகிற நம்மைப் போன்றவர்களுக்கு, காட்டுமாட்டின் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்ளும் அசட்டுத்தனம் இல்லாத வரையில், இந்த மலையில் பயம் மிகச் சொற்பம். பயமெல்லாம் வேறு ஆட்களுடையது. விடிவதற்கு முன் கதவைத் திறந்து வெளியே ஒதுங்கப் போகிறவர்கள். விளக்கில்லாத பாதையில் காப்பிப் பழம் பறித்துவிட்டுத் திரும்புகிறவர்கள். ராத்திரி பரணில் படுத்து வாழையைக் காவல் காக்கிறவர்கள். வீட்டுக்கு ஒரு கழிப்பறையும், வழிக்கு நாலு விளக்கும், நேரத்துக்கு ஒரு பஸ்ஸும் இவர்களுக்கு எந்தக் கடல்கட்டியும் செய்ய முடியாத உபகாரத்தைச் செய்யும்.

மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிட்டது. தோட்டத்திலிருந்து ஏழெட்டுப் பெண்கள் கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன்னால் சென்ற அம்மாள் கையிலிருந்த தகர டப்பாவைக் குச்சியால் தட்டிக்கொண்டே போனார். மற்றவர்கள் வேண்டுமென்றே உரக்கப் பேசிச் சிரித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஒரு கணம் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, மறுபடி நடந்தார்கள்.