கடல் கடந்த மடல்: கியூபெக்கின் இரட்டைப் பெயர்கள்

1608-இல் பிரெஞ்சுக் கடலோடி சாம்ப்லென் கனடாவில் கியூபெக் நகரை நிறுவியதிலிருந்து, 1763-இல் பாரிஸ் உடன்படிக்கைப்படி கனடா ஆங்கிலேயர் கைக்குப் போனதுவரை, பிரான்சிலிருந்து வந்து அங்கேயே குடும்பமாக நிலைத்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். இன்றைய கியூபெக் பிரெஞ்சு மக்களில் பெரும்பாலோர் அவர்களுடைய வழித்தோன்றல்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று பங்குக் குருமார் விடாமல் எழுதிவைத்த பதிவேடுகளே அந்த முன்னோரைத் தேடிப்போக வழிவிடுகின்றன. 1640-இல் கியூபெக் தேவாலயம் தீக்கிரையாகி ஏடுகள் எரிந்துபோயின. அப்போது மக்களின் நினைவைக் கேட்டுக் கேட்டு அவற்றை மறுபடி எழுதினார்கள். அந்த அக்கறைக்கு இன்றைய ஆய்வாளர்கள் பெரிதும் கடன்பட்டவர்கள்.

ஏடு இருந்தும் தேடுபவரைத் திணறவைப்பது குடும்பப் பெயர். ஒரே குடும்பத்துக்கு இரண்டு பெயர்கள் இருக்கும். நடுவில் ‘என்கிற’ என்ற பொருளில் ‘தி’ என்ற சொல் வரும். இந்த வழக்கத்தைப் பெரிதும் வளர்த்தவர்கள் சிப்பாய்கள். 1665-இல் வந்த கரின்யான்-சலியேர் படைப்பிரிவின் ஏறத்தாழ 1,200 பேரில் 400 பேர் அளவில் ஊர் திரும்பாமல் தங்கிவிட்டார்கள். லஃப்ளேர், லதுலிப், சான்ரெக்ரே எனப் பட்டாளத்தில் வழங்கிய பட்டப்பெயர்கள் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டன. சொந்த ஊர், நிலம், தந்தையின் முதற்பெயர் ஆகியவற்றாலும் இரண்டாம் பெயர் அமைந்தது. 1900-இல் லெவி ஊரில் மக்கள் கூட்டுறவு வங்கியைத் தொடங்கிய அல்ஃபோன்ஸ் தெழார்தேனின் தந்தை ‘ருவா தி தெழார்தேன்’. தாய் ‘மிவில் தி தெஷேன்’. இப்படிப்பட்ட குடும்பங்களில் அண்ணன் முதல் குடும்பப் பெயரோடும் தம்பி பட்டப்பெயரோடும் பதிவாவது உண்டு. போதாக்குறைக்கு, குருவின் காதில் விழுந்தபடியெல்லாம் எழுத்துக்கூட்டலும் மாறும்.

ஆகவே குடும்பப் பெயரை மட்டும் நம்பித் தேடுவது வீண். பிடிக்க வேண்டியது பெண்ணின் பெயரை. பிரெஞ்சுப் பதிவேடுகளில் பெண் திருமணத்துக்குப் பின்னும், அடக்கப் பதிவிலும்கூட, பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருப்பாள். 1663 முதல் 1673 வரை குடியேறியவர்களை மணக்கப் பிரெஞ்சு அரசர் செலவில் அனுப்பப்பட்ட ஏறத்தாழ 800 ‘அரசரின் மகள்’களையும் அதனால்தான் இன்று தனித்தனியே அடையாளம் காண முடிகிறது. திருமணப் பதிவில் பெரும்பாலும் இரு வீட்டுப் பெற்றோர் பெயரும் இருக்கும். ஒரு தம்பதியைக் கண்டுபிடித்தால் முந்திய இரண்டு தம்பதிகள் கிடைத்துவிடுவார்கள். 1981 முதல் கியூபெக்கில் மணமான பெண் பிறந்த பெயரையே வைத்துக்கொள்வது சட்டம்.

முதற்பெயரிலும் கவனம் வேண்டும். ஆணுக்கு ஜோசஃப், பெண்ணுக்கு மரி என்று முன்னால் சேர்ப்பது பிற்காலத்தில் பொது வழக்கமானது. அடுத்து ஞானத்தந்தை அல்லது ஞானத்தாயின் பெயர் வரும். வீட்டில் கூப்பிடும் பெயர் பெரும்பாலும் அதற்கும் பின்னால்தான். கனடாவின் முன்னாள் பிரதமர் பியேர் துருதோவின் முழுப்பெயர் ஜோசஃப் ஃபிலிப் பியேர் ஈவ் எலியட் துருதோ. குழந்தை இறந்தால் அடுத்துப் பிறந்ததற்கு அதே பெயரை வைப்பதும் சகஜம் என்பதால், அடக்கப் பதிவையும் பார்த்தாக வேண்டும்.

1871 முதல் 1890 வரை சிப்ரியேன் தாங்கே பாதிரியார் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட குடும்ப அகராதி முன்னோடி நூல்; ஆனால் அதில் பிழைகளும் உண்டு. மொன்றியல் பல்கலைக்கழகம் 1966-இல் தொடங்கிய மக்கள்தொகை ஆய்வுத் திட்டம் பழைய பதிவுகளைக் குடும்பவாரியாக இணைத்திருக்கிறது. எல்லை தாண்டித் தேடும்போது ஆங்கிலமாக்கிய பெயர்களையும் பார்க்க வேண்டும்: அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்களில் ருவா ‘கிங்’ ஆனதும், புவாவேர் ‘கிரீன்வுட்’ ஆனதும் உண்டு.

நம் பக்கத்திலும் இப்படித் தேட வழி உண்டு. பிரெஞ்சு இந்தியாவில் 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி, மரபுவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைப் பதிந்துகொண்டார்கள். புதுச்சேரி, காரைக்கால் பதிவேடுகள் பல ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் உள்ளன. அந்த ஊர்க் குடும்பத்தினர் தாத்தா பாட்டியின் திருமணப் பதிவிலிருந்து தேடலைத் தொடங்கலாம்.