மலையேறும் கிழட்டு வண்டிகள்

டார்ஜிலிங் மாவட்டத்தில், நேபாள எல்லையை ஒட்டிய சிற்றூர் மானேபஞ்சங். அங்கிருந்து 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்பூவுக்கு, சுமார் 31 கிலோமீட்டர் மலைப்பாதையில், 1950-களில் பிரிட்டனில் தயாரான லேண்ட் ரோவர்கள் ஆட்களை ஏற்றிப் போகின்றன.

உலகப்போருக்குப் பிறகு இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு என்பதால், இவற்றின் கூடு அலுமினியக் கலவை, துருப்பிடிக்காது. ஆனால், அடியில் இருக்கும் சேசிஸ் இரும்பு. பெட்டி வடிவம் என்பதால் சேறும் ஈரமும் உள்ளே தங்கி, வெளியே தெரியாமலே அரித்துவிடும். பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாமல் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். ‘கணீர்’ என்றால் சரி. ‘சொத்’தென்றால், அந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிக்க வேண்டியதுதான். (டிராக்டர் டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.)

அசல் உதிரிபாகம் குதிரைக்கொம்பு. ஓடாத வண்டியில் கழற்றி ஓடும் வண்டியில் பூட்டுகிறார்கள். பல வண்டிகளில் இப்போது இருப்பது மஹிந்திரா டீசல் இன்ஜின். சீசனில் ஒருநாள் வண்டி நின்றாலும் அன்றைய வருமானம் போச்சு. அதனால், அங்கே ஓட்டுநரே பாதி மெக்கானிக்.