இடுக்கிவால் பூச்சி

பெயரிலேயே பழியைச் சுமந்து திரியும் பூச்சி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதை 'இயர்விக்' என்பர். உறங்குவோர் காதில் நுழைந்து மூளையைக் குடையும் என்பது ஐரோப்பியரின் பழைய நம்பிக்கை. 1758இல் லின்னேயஸும் அங்குள்ள ஓரினத்துக்கு 'ஆரிக்குலாரியா' என்று காதையே பெயராகச் சூட்டிவிட்டார்! செவிப்பறை குறுக்கே நிற்க, மூளைக்கு ஏது வழி? திருவரங்கத்திலுள்ள என் பாட்டி லின்னேயஸை அறியார். ஆனால் வாழைப்பட்டையை உரிக்கும்போது பழுப்பு நிறத்தில் ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு ஓடினால், "காதைப் பொத்திக்கோடா!" என்று அவரும் கூவுவார்.

வால்நுனியிலுள்ள இடுக்கிதான் இத்தனை அச்சத்துக்கும் காரணம். அதில் நஞ்சில்லை. பிடித்தால் சற்றே கிள்ளும், அவ்வளவே. பெரும்பாலும் ஆணின் இடுக்கி வளைந்தும் பெண்ணினுடையது நேராகவும் இருக்கும். இதனினும் வியப்பு இறக்கையே. குட்டையான முன்னிறக்கையின் அடியில் பின்னிறக்கை விசிறிபோல் மடிந்து கிடக்கிறது. விரித்தால் பத்து மடங்குக்கும் மேல் பெரிதாகும். இறக்கையே இல்லாத இனங்களும் உண்டு.

உலகில் ஏறத்தாழ 2,000 இனங்கள். ஆப்பிரிக்காவில் பெரிய எலிகளின் உடலைப் பற்றி வாழ்பவை சில. தென்கிழக்கு ஆசியாவில் வௌவால்களோடு வாழ்ந்து குட்டி ஈனுபவை சில. நம் நாட்டு இனங்களைத் தொகுத்து மால்கம் பர் 1910இல் தனி நூலே எழுதினார். இதற்காக இப்பூச்சியைக் குற்றமற்றதென நான் வாதிட வரவில்லை. நிலக்கடலையின் இளங்காயைத் துளைத்துப் பருப்பைத் தின்னும் இனம் தமிழ்நாட்டிலேயே உள்ளது. உழவர் கோபம் நியாயமானது. காதுப் பழிதான் வீண்பழி.

ஆற்றுமணலில் வளை தோண்டி வாழ்பவையும் இவற்றுள் உண்டு. சென்ற தை மாதம் கொள்ளிடக் கரையில், வெள்ளத்தில் ஒதுங்கிய மரக்கட்டையை நானும் என் வகுப்பு நண்பனும் புரட்டினோம். கீழே சிறு குழியில் வெண்முத்துக் குவியல் போல முட்டைகள், அவற்றின்மேல் தாய். வெளிச்சம் பட்டும் அது ஓடவில்லை. பூஞ்சை பிடிக்காதபடி ஒவ்வொரு முட்டையாக நக்கித் துடைப்பதும், இடம்மாற்றி வைப்பதும், குஞ்சு பொரிந்த பின்னும் சில நாள் உடனிருப்பதும் அதன் வழக்கம். தாயை எடுத்துவிட்டால் முட்டைகள் பெரும்பாலும் பூஞ்சைக்கே இரையாகும்.

நண்பனின் பூச்சிப்பெட்டியில் இவ்வரிசைக்குரிய இடம் மட்டும் காலி. மதிப்பெண் வேறு இருக்கிறது. சாமணத்தை நீட்டினான். தாய் பின்புறத்தை உயர்த்தி, இடுக்கியை அகல விரித்தது. அவன் சாமணத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "கட்டையை மெதுவா வை" என்றான்.

பெட்டியில் அந்த இடத்தில் இப்போது ஒரு சாணவண்டு இருக்கிறது.