கொச்சிக்கடையில் படித்த பாடம்



கொழும்புக்கு வந்தால் புறக்கோட்டையில் துணி வாங்குவீர்கள், செட்டியார் தெருவில் நகை பார்ப்பீர்கள். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் வடக்கே நடந்து பாருங்கள். கொச்சிக்கடை வந்துவிடும். கொச்சியிலிருந்து வந்தவர்கள் கடை வைத்த இடம் என்பதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஒரு பக்கம் துறைமுகம். நடுவில் அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தாரும் அங்கே கூடுவார்கள். நடக்கும் தூரத்தில் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் கருங்கல் தூண்கள். பாங்கொலியும் காதில் விழும்.

இந்தச் சந்துகளில் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டியவை. கடைவாசல்களிலும் படிக்கட்டுக்கு அடியிலும் சாக்குப் போர்த்திய ஜெனரேட்டர்களைக் காண்பீர்கள். வெளிநாடுகளில் விடுமுறைக்கு ஓட்டிப் போகும் வீட்டு வண்டிகளில் வைத்திருக்கும் இயந்திரமும் ஏறக்குறைய இதே வகைதான். அவர்களுக்கு அது உல்லாசம், நமக்கோ அவசியம். 1996ல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியபோது மணிக்கணக்கில் கரண்ட் இல்லை. 2022 மார்ச் 31ல் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரமானது. 2025 பெப்ரவரி 9ல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டது என்றார்கள்.

2022ல் நோன்பு தொடங்கியதும் அந்த மின்வெட்டு நாட்களில்தான். எங்கள் மாமிக்கு இழுப்பு நோய். ஒருநாள் ஸஹருக்கு முன் மூச்சுத் திணறல் வந்தது. மருந்துப் புகை பிடிக்கும் இயந்திரத்துக்குக் கரண்ட் வேண்டும். ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தோம், இழுத்தோம், உயிர் வரவில்லை. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பம் எழுந்து வந்தது. தங்கள் ஜெனரேட்டரை சந்தின் கோடியில் ஓடவிட்டு, ஜன்னல் வழியே வயர் இழுத்துக் கொடுத்தார்கள். 2019 ஏப்ரல் 21ல் அந்தோனியார் கோயிலில் நடந்த கொடுமைக்குப் பிறகு அந்தச் சந்தில் முகம் பார்த்துப் பேசவே நாங்கள் கூசிய காலமும் உண்டு. அன்றிரவு அவர்கள் அதை நினைக்கவில்லை.

மாமி தேறினார், அல்ஹம்துலில்லாஹ். மறுநாள் அந்த வீட்டுப் பெரியவர் எங்கள் இயந்திரத்தைக் கழற்றினார். துறைமுகத்தில் எஞ்சின் வேலை பார்த்தவர். காபரேட்டருக்குள் பழைய பெற்றோல் பிசினாக ஒட்டியிருந்தது. “மகள், ஓடுற எஞ்சின் கெடுறது குறைவு. சும்மா கிடக்கிறதுதான் கெடும்” என்றார். அவர் சொல்லித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

பெற்றோல் ஓரிரு மாதத்திலேயே பழுதாகத் தொடங்கும். நீண்ட நாள் வைக்கப் போகிறீர்களானால் தாங்கியை வடித்துவிடுங்கள். பிறகு, தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் காபரேட்டரும் காலியாகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்து, பிளக்கைத் திரும்பப் பூட்டுங்கள். பின் கை இறுகும் இடம் வரை இழுத்து நிறுத்தினால் வால்வுகள் மூடிக்கொள்ளும். ஈரம் உள்ளே போகாது. கடற்கரைப் பகுதிக்கு இது மிக முக்கியம். உப்புக்காற்று இரும்பைத் தின்னும். தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். பொலித்தீன் சுற்றினால் உள்ளே வியர்க்கும், துணி போதும்.

வடித்து வைக்காவிட்டால் மாதம் ஒருமுறை விசிறியும் விளக்கும் மாட்டி 20 நிமிடமாவது ஓடவிடுங்கள். புது இயந்திரத்துக்கு முதல் 20 மணி நேர ஓட்டத்தில் ஒயில் மாற்ற வேண்டும். பிறகு 100 மணி நேரத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை, எது முந்துகிறதோ அதன்படி. எயார் பில்டரின் பஞ்சைச் சவர்க்கார நீரில் அலசி நன்றாகக் காயவிடுங்கள். பிறகு ஒயில் தடவிப் பிழிந்து மாட்டுங்கள்.

உயிர்ப் பிரச்சினை ஒன்று உண்டு. ஜெனரேட்டர் புகையில் காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு இருக்கிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. தூங்குகிறவர் விழிக்காமலே மடிவார். குசினியிலோ வராந்தாவிலோ படிக்கட்டடியிலோ ஒருபோதும் ஓடவிடாதீர்கள். வெட்டவெளியில், கதவு ஜன்னல்களிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் வீடுகளுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வையுங்கள். அத்தனை இடம் இல்லையா? ஜெனரேட்டர் வேண்டாம், மின்கல இன்வேர்ட்டர் வாங்குங்கள். சூடாக இருக்கும்போது பெற்றோல் ஊற்றாதீர்கள். சுவர்ப் பிளக்கில் கரண்டைத் திருப்பிச் செலுத்தவே கூடாது. தெருக் கம்பத்தில் வேலை செய்பவர் உயிர் போகும். மின்னியலாளரைக் கொண்டு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் பூட்டுங்கள்.

அண்டை வீட்டாரின் உரிமையை நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பது உங்களுக்குத் தெரியும். நம் வீட்டு வெளிச்சத்துக்காக அடுத்த வீட்டுக் குழந்தை புகையைச் சுவாசித்தால் அது ஹக்கு மீறல் அல்லவா?

இப்போது இரண்டு வீடுகளுக்கும் ஒரே ஜெனரேட்டர். சந்தின் கோடியில், திறந்த இடத்தில் நிற்கிறது. ஒரு மாதம் அவர்கள் ஓட்டிப் பார்க்கிறார்கள், மறுமாதம் நாங்கள். கரண்ட் போகாத மாதத்திலும் அந்த முறை தவறுவதில்லை. உறவும் அப்படித்தானே, சகோதரி? ஆபத்து வந்தபின் கயிற்றை இழுத்துப் பயனில்லை.

இன்று மாலை உங்கள் வீட்டு இயந்திரத்தின் சாக்கை ஒருமுறை விலக்கிப் பாருங்கள். அப்படியே பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டி சுகம் விசாரியுங்கள். அல்லாஹ் நம் எல்லோரையும் ஆபத்துகளிலிருந்து காப்பானாக, ஆமீன்.