கவசத்துக்குக் கட்டிங்

நவம்பர் 13, 2023

தீபாவளிக்கு மறுநாள் தளவாய்புரத்தில் மிஷின் சத்தமே இருக்காது. இரண்டு மாதமாக நைட்டி வெட்டி வெட்டிக் கை மரத்துப் போயிருந்தது. நிம்மதியாகத் தூங்கலாம் என்று இருந்தபோதுதான் அக்கா மகன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பைக்கில் வந்து இறங்கினான். கையில் சுருட்டிய பேப்பர் கட்டு. கட்டிங் மேஜையில் விரித்தான். ஏ4 தாள்களை ஒட்டிச் செய்த பேட்டர்ன். மார்பு, முதுகு, தோள், முழங்கை, தொடை, கெண்டைக்கால் எல்லாம் தனித்தனியாக.

ஸ்டார் வார்ஸ் படத்தில் கூட்டம் கூட்டமாக வந்து, சுட்டதெல்லாம் குறி தவறிச் சாவார்களே, அந்த வெள்ளைக் கவசச் சிப்பாய். ஸ்டார்ம்ட்ரூப்பர். அதைச் செய்து போட்டுக்கொண்டு பிப்ரவரியில் சென்னை காமிக் கானுக்குப் போக வேண்டுமாம். டெல்லியில் 2011-இல் ஆரம்பித்த திருவிழா, சென்னைக்கு இப்போதுதான் முதல்முறையாக வருகிறது.

"சிட்டி ரோபோ செய்யேன்டா. பாக்கறவனுக்காவது புரியும்."

"எந்திரன் டிரெஸ்ஸு லெகசி எஃபெக்ட்ஸ் செஞ்சது சித்தி. ஸ்டான் வின்ஸ்டனோட ஆளுங்க. டெர்மினேட்டர், ஜுராசிக் பார்க் எல்லாம் அவங்க கை. அது நம்மளால ஆகாது. இது ஆகும். இது வெறும் பிளாஸ்டிக் சட்டைதான்."

சட்டை என்று சொல்லிவிட்டால் எனக்குத் தெரியாதா? பேட்டர்னைக் கையில் எடுத்ததும் ஒன்று பட்டது. இதை வரைந்தவன் எங்கேயும் லூஸ் விடவில்லை. மூச்சு விட இடமில்லை, கை தூக்க இடமில்லை. ஆளைச் சிலையாக நினைத்து வெட்டியிருக்கிறான்.

நவம்பர் 19

முதலில் உடம்பு வேண்டும். இவன் தினமும் வந்து நிற்கப்போவதில்லை, எனவே இவனைப் போலவே ஒரு பொம்மை உடம்பு தேவை. அதற்கு எங்கள் ராஜபாளையம் வட்டாரத்தை விட்டால் எந்த ஊர் தோது? பக்கத்தில் சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரிகளுக்கு மருத்துவத் துணி நெய்கிற ஊர். அந்தச் சல்லடைத் துணியில் பாரிஸ் சாந்து ஏற்றினால் எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டு.

பழைய டி-ஷர்ட்டுக்கு மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி, மாவுக்கட்டுச் சுருளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து ஒட்டினோம். முன்பக்கம் ஒரு ஓடு, பின்பக்கம் ஒரு ஓடு. சாந்து இறுகும்போது சூடு ஏறும். முதலில் இளஞ்சூடு, பிறகு நன்றாகவே சுடும். அந்த நேரம் பார்த்துத்தானா உலகக் கோப்பை இறுதிப் போட்டி? பக்கத்து அறை டிவியில் கோலி போல்டு ஆனபோது முன் ஓடு பாதி இறுகியிருந்தது. பையன் துள்ளப் பார்த்தான். "மூச்சு மட்டும் விடு, வேற எதுவும் செய்யாத" என்று தோளை அழுத்திப் பிடித்தேன். ராத்திரி இந்தியா தோற்றதற்கும் சேர்த்து என்மேல் கோபம்.

ஓடுகளைக் கழற்றி ஒட்டி, உள்ளே மில் கழிவுப் பஞ்சை அடைத்தோம். 1936-லேயே மில் தொடங்கிய ராஜபாளையம் பக்கத்தில் இருக்கும்போது பஞ்சுக்கா பஞ்சம்? தலையில்லாத ஒரு ஆள் என் கட்டிங் அறை மூலையில் நிற்கிறான். காலையில் கூட்ட வந்த அம்மா அலறிவிட்டார்.

டிசம்பர் 3

ஈவா ஷீட் வந்துவிட்டது. செருப்பு அடிப்பாகத்துக்கும் குழந்தைகள் விளையாடும் தரைவிரிப்புக்கும் போடுவார்களே, அதே நுரை. மார்புக்குப் பத்து மில்லிமீட்டர், கைக்கு ஐந்து, விளிம்புப் பட்டைக்கு இரண்டு. துணி மாதிரி நினைத்து வெட்டினால் பல்லைக் காட்டிவிடும். பிளேடைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். நுரை கத்தியின் கூரைத் தின்றுவிடுகிறது. நாலு வெட்டுக்கு ஒருமுறை தீட்டாவிட்டால் ஓரம் பிசிறு பிசிறாக வருகிறது.

ஹீட் கன் காட்டும்போது பார்க்க வேண்டும். சொரசொரவென்று இருக்கிற மேல்பரப்பு, சூடு பட்டதும் ஒரு நொடியில் லேசாகப் பளபளக்கும். நுரையின் கண்கள் மூடிக்கொண்டன என்று அர்த்தம். அந்த நொடியில் முழங்காலில் வைத்து வளைத்து, ஆறும்வரை பிடித்தால் வளைவு அப்படியே நிற்கும். இன்னும் கொஞ்சம் காட்டினால் கருகல்.

மார்புத் தட்டில் வளைவு போதவில்லை. அக்குளுக்குக் கீழே இரண்டு டார்ட் பிடித்தேன், ஜாக்கெட்டுக்குப் பிடிப்பது போலவே. "படத்துல அந்த எடத்துல கோடே கெடையாது சித்தி!" "படத்துல ஒனக்கு இருக்கற தொந்தியும் கெடையாது."

டிசம்பர் 18

நேற்றிலிருந்து வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றுகிறது. தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் பெருவெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை என்கிறார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவழியில் நிற்கிறது. இங்கே கரண்ட் இல்லை. ஈரக் காற்றில் பசையும் பிடிக்காது. இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்க்க வேண்டிய பசை, இன்று தடவியவுடன் மேலே பனி படர்ந்த மாதிரி வெளுத்துப்போகிறது. வேலையை மூடி வைத்துவிட்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பையனிடம் கதை கேட்டேன்.

உலகம் முழுக்க இதே கவசத்தைச் செய்து போடுகிற ஒரு படையே இருக்கிறதாம், 501-ஆவது லீஜியன். 1997-இல் அமெரிக்காவில் ஆல்பின் ஜான்சன் என்பவர் ஆரம்பித்தது. உள்ளே சேர வேண்டுமானால் கவசத்தைப் போட்டு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படமெடுத்து அனுப்ப வேண்டும். முழங்கால் தட்டு இடதுகாலில்தான் இருக்கிறதா என்பதுவரை பார்ப்பார்களாம். தேறியவர்கள் வேஷம் கட்டிக்கொண்டு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், நன்கொடை திரட்டுகிறார்கள். 2007 புத்தாண்டன்று கலிபோர்னியா ரோஜா ஊர்வலத்தில் வரிசை கட்டி நடந்திருக்கிறார்கள். ஜான்சனின் சிறு மகள் புற்றுநோயில் படுத்தபோது அவளுக்காக இளஞ்சிவப்பில் ஒரு ரோபோ செய்து தந்தார்களாம். அது பிறகு 2015-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்திலேயே தலைகாட்டியது என்றான். இதைச் சொன்னபோது மட்டும் அவன் குரலில் வாதாடும் தொனி இல்லை.

எனக்குப் பிடித்தது கோர்ட் கதைதான். 1977-இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்துக்கு ஹெல்மெட் செய்து கொடுத்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் என்ற இங்கிலாந்துக்காரர், பிற்பாடு அதே அச்சில் செய்து விற்க ஆரம்பித்திருக்கிறார். படத்தை எடுத்த லூகாஸ் கம்பெனி கேஸ் போட்டது. ஹெல்மெட் ஒரு சிற்பமா, படத்துக்கான ஒரு சாமானா? சிற்பம் என்றால் நெடுங்காலப் பதிப்புரிமை உண்டு. 2011 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், சிற்பம் இல்லை என்று சொல்லிவிட்டது. அங்கே அவர் விற்கலாம். ஒரு நைட்டி மாடல் ஓடினால் அடுத்த வாரமே நாலு தெருவில் தொங்குகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் நீதிபதிகள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் தூணில் நிற்கும் வீரபத்திரருக்கு உள்ளே ஆள் வேண்டியதில்லை. இதற்கு வேண்டும்.

ஜனவரி 16, 2024

மாட்டுப் பொங்கல். அக்கா வீட்டில் முதன்முதலாகப் போட்டுப் பார்த்தோம். அடியில் கறுப்பு பனியன் துணியில் முழு உடுப்பு, நான் தைத்தது. அதன்மேல் காலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மாட்டினோம். எலாஸ்டிக், வெல்க்ரோ, பக்கிள் எல்லாம் தளவாய்புரம் சரக்கு. ஹெல்மெட்டுக்குள் கம்ப்யூட்டரில் சுற்றுகிற சின்ன ஃபேன் இரண்டு, இடுப்பில் பவர் பேங்க்.

நின்றான். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

"ஒக்காரு."

"ஸ்டார்ம்ட்ரூப்பர் ஒக்கார மாட்டான் சித்தி."

"நீ பொதிகை எக்ஸ்பிரஸ்ல நின்னுக்கிட்டே போவியா?"

படத்தில் நடித்தவர்களுக்கே அந்தக் கவசத்தில் சரியாகக் கண் தெரியவில்லை. 1977 படத்தில் ஒரு சிப்பாய் கதவு நிலையில் மண்டையை இடித்துக்கொள்வது இன்றைக்கும் திரையில் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு ஷாட் எடுக்கும் நேரம் தாங்கினால் போதும். கட் சொன்னதும் கழற்ற ஆள் வரும். இவன் பகல் முழுக்க நடக்கப் போகிறான். தொடை ஓட்டின் பின்பக்க மேல்விளிம்பை இரண்டு விரல் கடை வெட்டி எடுத்தேன். வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான், தன் தொடையையே வெட்டுவது போல. கர்ணனுக்குத்தான் கவசம் தோலோடு ஒட்டிப் பிறந்தது. மற்ற எல்லோருக்கும் யாராவது லூஸ் வைத்து வெட்டித் தரத்தான் வேண்டும்.

அக்காவுக்கு முகம் சரியில்லை. படிக்கிற பையன், எவனோ வெள்ளைக்காரன் போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு ஆடுகிறானே என்று. திண்ணையில் இருந்த அவள் மாமியார்தான் வாயை அடைத்தார்: "பெருமாளுக்குக் கட்டுன மாலையவே எடுத்துப் போட்டுக் கெணத்துல அழகு பாத்த பொண்ணு பொறந்த ஊருடி இது."

பிப்ரவரி 17

நந்தம்பாக்கம் வர்த்தக மையம். நைட்டி அனுப்புகிற அட்டைப்பெட்டிகளில் கவசம் ரயிலேறி வந்தது. வாசலில் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நுரைதான் என்று தெரிந்ததும் விட்டார்கள்.

உள்ளே திருவிழாக் கூட்டம். ஜப்பான் கார்ட்டூன் வேஷங்கள்தான் அதிகம். நான் ஆளைப் பார்க்கவில்லை, ஓரங்களைப் பார்த்தேன். ஒரு பெண் செய்திருந்த தோள் கவசத்தில் இணைப்பே தெரியவில்லை. எப்படி என்று கேட்டேன். கால்மணி நேரம் நின்று, எந்த மணல்தாளை எந்தப் பக்கம் தேய்க்க வேண்டும் என்று விளக்கினாள். பதிலுக்கு நான் டார்ட் பிடிப்பதைச் சொல்லிக் கொடுத்தேன். முன்பின் தெரியாதவர்களுக்கு இந்தக் கூட்டம் தொழில் ரகசியத்தை இப்படி வாரிக்கொடுக்கிறது. எங்கள் தொழிலில் கனவிலும் நடக்காது.

என் வேலை, இவன் கையைப் பிடித்து நடப்பது. ஹெல்மெட்டுக்குள் கீழே இருப்பது தெரியாது. குழந்தைகள் இடுப்புயரம் வந்து மோதுகிறார்கள், ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் கொடுக்க வேண்டும். முழங்கை மடக்கிய இடத்தில் மதியத்துக்குள் பெயின்ட் வெடித்துவிட்டது. நுரை வளையும், பெயின்ட் வளையாது. "சண்டைக்குப் போயிட்டு வந்த சிப்பாய்னு சொல்லிக்கலாம்" என்றான். கோடு விழக்கூடாது என்று டிசம்பரில் அழுத அதே பையன்.

சாப்பிடும்போது உட்கார்ந்தான். அதைப் பற்றி அவனும் எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 27

சாயங்காலம் எங்கள் தெருக் காளி அண்ணாச்சி வந்தார். வருஷா வருஷம் விரதமிருந்து மாலை போட்டு, குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்குக் காளி வேஷம் கட்டுகிறவர். தசரா செட்டோடு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கி, சூரசம்ஹாரத்தன்று கோயில் உண்டியலில் சேர்ப்பார். பொம்மை உடம்பில் மாட்டியிருந்த மார்புத் தட்டைத் தட்டிப் பார்த்தார். தூக்கிப் பார்த்தார். திரும்பவும் தூக்கிப் பார்த்தார்.

"தாயி, இது என்ன இம்புட்டு லேசு?"

அவருடைய பின் கைகளும் கிரீடமும் சேர்ந்து தோள்பட்டையில் காய்ப்பு ஏறியிருக்கிறது. சட்டை விலக்கிக் காட்டினார். இரும்பில் சூலம், வாள் கொண்டுவரக் கூடாது என்று போலீசும் கண்டிப்பாகச் சொல்கிறது. கையோடு சேர்த்து ஆயுதங்களையும் இதிலேயே செய்ய முடியுமா என்று கேட்டார். "சாமி காரியம், கொறையா இருக்கக் கூடாது. ஆனா நடக்க முடியணும்."

மடக்கும்போது பெயின்ட் வெடிக்காமலிருக்க மூட்டுகளில் துணி வைத்துச் செய்யலாம் என்று சொன்னேன். அக்டோபரில் தசரா. மாலை போடுமுன் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட வேண்டும், எனவே ஆவணிக்குள் முடிக்க வேண்டும். நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறேன், மாவுக்கட்டு போட. பாதி அட்வான்ஸ் கேட்டேன். சாமி காரியத்துக்குமா என்றார். ஈவா ஷீட் விலையைச் சொன்னேன், மடியை அவிழ்த்தார்.