பதில் சொல்லப் பழகுங்கள், மக்களே

நாகர்கோவிலிலிருந்தும் குழித்துறையிலிருந்தும் காலை ரயில் பிடித்துத் திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கரமனையில் குடியிருந்துகொண்டு, ஒரு கணினியை இன்னொன்றோடு பேசவைக்கும் புரோகிராம்களை எழுதியே என் உத்தியோக காலம் முழுதும் போயிற்று. 1990இல் நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாக டெக்னோபார்க் இங்கே தொடங்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ மொழிகளும் கருவிகளும் வந்தன, போயின. அவற்றுக்கெல்லாம் அடியில் மாறாமல் நிற்கிற ஒன்று உண்டு, இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொள்ளத் திறக்கும் வாசலான சாக்கெட். அதைச் சரியாக எழுதத் தெரிந்தவருக்கு மனிதர்களோடு வேலை செய்யவும் தெரியும் என்பது என் அனுபவம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீங்கள் அதை நேராகத் தொட மாட்டீர்கள். ஏதாவது ஒரு லைப்ரரி உங்களுக்காகச் சாக்கெட்டைத் திறந்து, பேசி, மூடிவிடும். ஆனால் கைபேசியில் பணம் அனுப்பினாலும், ரயில் டிக்கெட் எடுத்தாலும், வீட்டுக்கு வீடியோ அழைப்பு போட்டாலும் உள்ளே வேலை செய்வது அதுதான். ஆர்ப்பாநெட் என்ற அமெரிக்க வலைப்பின்னல் 1983 ஜனவரி 1 அன்று, கணினிகள் பேசிக்கொள்வதற்கான டிசிபி/ஐபி விதிமுறைகளுக்கு மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வெளிவந்தது. சாக்கெட், பைண்ட், லிசன், அக்செப்ட், கனெக்ட் என்று அன்று அவர்கள் வைத்த கட்டளைகளை இன்றும் அதே பெயரில் எழுதுகிறோம். நாற்பது ஆண்டு தாண்டியும் உடையாத கட்டுமானம் நம் தொழிலில் அபூர்வம்.

அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பேச வேண்டிய இரண்டு புரோகிராம்களில் ஒன்று சர்வர், மற்றது கிளையன்ட். சர்வர் முதலில் ஒரு சாக்கெட்டைத் திறக்கும். பிறகு பைண்ட் கட்டளையால் தனக்கென்று ஒரு போர்ட் எண்ணைப் பிடித்துக்கொள்ளும். கணினியின் ஐபி முகவரி மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். டெக்னோபார்க்கில் பவானிக் கட்டடம் என்று மட்டும் எழுதி அனுப்பினால் கூரியர்காரர் வரவேற்பறையோடு நின்றுவிடுவார். எந்த மாடி, எந்த அலுவலகம் என்றும் வேண்டும் அல்லவா? போர்ட் எண் அந்த வேலையைச் செய்கிறது. 65,535 வரை எண்கள் உண்டு. யூனிக்ஸ் வழக்கப்படி 1,024க்குக் கீழே உள்ளவற்றைச் சாதாரணப் பயனர் பிடிக்க முடியாது.

அடுத்து லிசன். யார் வந்தாலும் ஏற்கத் தயார் என்று சர்வர் காத்திருக்கத் தொடங்குகிறது. அதற்குப் பிறகுதான் மறுபக்கத்துக் கிளையன்ட் கனெக்ட் செய்ய முடியும். வரிசை மாறினால் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்று முகத்தில் அடித்தாற்போல் வரும். ஆக, எந்த உரையாடலும் காது கொடுக்க ஒருவர் முன்கூட்டியே ஆயத்தமாக இருப்பதில்தான் தொடங்குகிறது. குழுவில் எல்லாரும் பேச ஆசைப்பட்டு, கேட்க யாரும் இல்லாத கூட்டங்களை நீங்களும் பார்ப்பீர்கள். அங்கே கேட்கிறவராக இருங்கள். வேலை உங்களைத் தேடி வரும்.

கனெக்ட் செய்கிறபோது உள்ளே மூன்று செய்திகள் பரிமாறப்படுகின்றன. ‘பேசலாமா’ என்று கிளையன்ட் கேட்கும். ‘கேட்டது வந்தது, நானும் தயார்’ என்று சர்வர் சொல்லும். ‘நீ தயார் என்றது எனக்கும் வந்தது’ என்று கிளையன்ட் மறுபடி சொல்லும். இந்த மூன்றாவதைத்தான் மனிதர்கள் விட்டுவிடுகிறோம். டிசிபி விடுவதில்லை. ஒவ்வொரு பைட்டுக்கும் கணக்கு வைத்து, இதுவரை வந்தது என்று பெற்றவர் சொல்லும்வரை அனுப்பியவர் அதன் பிரதியைக் கையில் வைத்திருப்பார்.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். அனுப்புவது பாதி வேலை. பெற்றவர் ‘கிடைத்தது’ என்று சொன்னால்தான் மீதிப் பாதி முடியும். நம் கடற்கரை இதைக் கொடிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளையிலிருந்தும் இங்கே பூந்துறை, விழிஞ்ஞத்திலிருந்தும் போன மீனவர்கள் பலர் எச்சரிக்கை வந்தபோது ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். கரை தூரமானால் கைபேசிக்கு உயிர் இல்லை. கரையில் ஒலித்த எச்சரிக்கை அவர்கள் காதுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் கூப்பிட்டது கரைக்கும் கேட்கவில்லை. அந்த நாட்களில் நம் கிராமங்களின் தேவாலய முற்றங்களில் காத்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்த யாரும் ‘செய்தி அனுப்பிவிட்டோமே’ என்று சாதாரணமாகச் சொல்ல மாட்டார்கள்.

பிறகு 2019இல் ஜெமினி என்ற கருவி வந்தது. ஆழ்கடலில் இருப்பவருக்குச் செயற்கைக்கோள் வழியாகப் புயல், அலை எச்சரிக்கைகளைக் கொண்டுசேர்க்கும். ஆனால் ஒருவழிப் பாதை. படகிலிருந்து பதில் சொல்ல இயலாது. சாக்கெட் உலகில் யுடிபி என்ற முறை இதற்குப் பக்கத்தில் வரும். அனுப்பிவிடும், சேர்ந்ததா என்று கேட்காது. ஒரே செய்தியை ஆயிரம் பேருக்கு ஒருசேரச் சொல்ல அந்த வழிதான் தோது. எதிர்த்திசையில், ஆபத்தில் இருப்பவர் பொத்தானை அழுத்திக் கரைக்குத் தகவல் அனுப்பும் இஸ்ரோவின் கருவி 2010 முதலே புழக்கத்தில் உண்டு. அதிலும் அழுத்தியவருக்குப் பதில் வராமல் இருந்தது. 2024இல் அறிமுகமான அதன் இரண்டாம் தலைமுறைக் கருவியில் இஸ்ரோ சேர்த்த முக்கியமான வசதி, ஆபத்துச் செய்தி வந்து சேர்ந்தது என்று கடலில் இருப்பவருக்கே திரும்பச் சொல்வது. நடுக்கடலில் கவிழும் படகில் ஒருவன் பொத்தானை அழுத்துகிறான். ‘உன் செய்தி கிடைத்தது’ என்று பதில் வருகிறது. மீட்பு வந்து சேர நேரம் ஆகலாம். ஆனால் அதுவரை தாக்குப்பிடிக்க அவனுக்கு ஒரு பிடிமானம் கிடைத்துவிட்டது.

இனி கொஞ்சம் நுட்பமான விஷயம். டிசிபி சொல்லும் ‘கிடைத்தது’ எந்த அளவுக்குச் செல்லும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மறுபக்கத்துக் கணினியின் இயங்குதளம் வாங்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அங்கே உள்ள புரோகிராம் அதை எடுத்துப் படித்ததா, செய்ய வேண்டியதைச் செய்ததா என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. நான் வேலை பார்த்த ஓரிடத்தில், வெளியூர்க் கருவிகள் அளவுகளை எடுத்து மையக் கணினிக்கு அனுப்பும். அனுப்பும் பக்கத்து லாகில் ‘சென்ட்’ வெற்றி என்று வரிசையாக இருந்தது. மையத்தில் ஹார்ட் டிஸ்க் நிரம்பி, வந்தது எதுவும் எழுதப்படவே இல்லை. இரண்டு பக்கமும் தன் வேலை சரி என்று நம்பிக்கொண்டிருந்தது.

அதைச் சரிசெய்தவள் அப்போதுதான் சேர்ந்திருந்த ஒரு பெண். அவள் செய்த மாற்றம் சின்னது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்தாள். மையப் புரோகிராம் டிஸ்கில் எழுதி முடித்த பிறகு, ‘இந்த எண் எழுதியாயிற்று’ என்று ஒரு வரி திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வரி வரும்வரை கருவி தன் பிரதியை அழிக்காது. குறிப்பிட்ட நேரத்தில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். பதில் வரியே வழியில் தொலைந்தால் ஒரே பதிவு இரண்டு தடவை வந்துவிடுமே என்று கேட்டேன். ‘அதுக்குத்தான் சார் நம்பர். ஏற்கெனவே எழுதின நம்பர் வந்தா, எழுதாம பதில் மட்டும் சொல்லிடும்’ என்றாள். வாங்கினேன் என்பதும் முடித்தேன் என்பதும் வேறு வேறு என்று அவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

இன்னொன்று. அனுப்பியது அனுப்பிய அளவிலேயே வந்துசேரும் என்று நினைக்காதீர்கள். டிசிபி ஓர் ஓட்டம். அதற்குச் செய்தியின் எல்லை தெரியாது. ஒரே சென்ட்டில் விட்ட 5,000 பைட், மறுபக்கம் ரிசீவ் செய்யும்போது முதலில் 1,400, பிறகு மீதி என்று துண்டு துண்டாக வரலாம். உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே இரண்டு ஜன்னல் திறந்து சோதித்தால் பெரும்பாலும் ஒரே தடவையில் வந்து உங்களை ஏமாற்றிவிடும். நிஜ வலைப்பின்னலில் போட்ட பிறகுதான் உடையும். அதனால் செய்தியின் முன்னால் அதன் நீளத்தை எழுதி அனுப்புங்கள். பெறுகிறவர் அவ்வளவும் வரும்வரை பொறுமையாகச் சேர்த்துக்கொள்ளட்டும். மேலதிகாரி சொன்ன முதல் பாதியைக் கேட்டதும் எழுந்து ஓடுகிற பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன்.

பதில் வராவிட்டால் என்ன செய்வது? இதற்கு 1986 அக்டோபரில் நடந்தது நல்ல படிப்பினை. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே 400 கஜம் தூரம்தான். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த பாதை, திடீரென்று 40 பிட்டுக்கு விழுந்தது. பாதை நெரிசலாகி பதில் தாமதமானதும், ஒவ்வொரு கணினியும் தன் செய்தி தொலைந்ததென்று நினைத்து மறுபடி மறுபடி அனுப்ப, நெரிசல் இன்னும் இறுகியது. வான் ஜேக்கப்சன் அதை ஆராய்ந்து, மைக் கேரல்ஸோடு சேர்ந்து தீர்வைக் கண்டு 1988இல் கட்டுரையாக வெளியிட்டார். பதில் வரவில்லையென்றால் வேகத்தைக் குறை. மெதுவாகத் தொடங்கி, பதில்கள் வரவர ஏற்றிக்கொள். மறுமுறை அனுப்புவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தையும் ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாக்கு. இணையம் இன்று நிற்பது இந்தக் கட்டுப்பாட்டில்தான். எதிரில் இருப்பவர் மௌனமாக இருக்கும்போது குரலை உயர்த்தாதீர்கள். அவர் திணறிக்கொண்டிருக்கலாம்.

அதே சமயம் முடிவில்லாமல் காத்திருப்பதும் தவறு. மறுபக்கத்துக் கணினியில் மின்சாரம் போனால், அது விடைபெற்றுக்கொள்ளாமல் போய்விடும். ரிசீவ் போட்டுக் காத்திருக்கும் உங்கள் புரோகிராமுக்கு அது தெரியவே தெரியாது. இணைப்பு உயிரோடு இருப்பதாகவே காட்டும். லினக்ஸில் ‘கீப்அலைவ்’ என்ற வசதியைப் போட்டுவைத்தாலும், மாற்றாவிட்டால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் முதல் விசாரிப்பு போகும். ஆகவே காலக்கெடுவை நீங்களே வையுங்கள். எவ்வளவு நேரம் பொறுப்பேன், அதன் பிறகு யாரிடம் சொல்வேன் என்பதை முன்னாலேயே முடிவு செய்த புரோகிராம்தான் நம்பகமானது. வராத சம்பளத்துக்கும் நகராத கோப்புக்கும் இதே விதிதான்.

மூடுவதையும் மரியாதையாகச் செய்யுங்கள். முதலில் இணைப்பை மூடும் பக்கம், மூடிய பிறகும் சிறிது நேரம் அந்த இணைப்பை நினைவில் வைத்திருக்கும். லினக்ஸில் அது ஒரு நிமிடம். சர்வரை நிறுத்தி உடனே மறுபடி ஓட்டினால் ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்று வந்து எரிச்சலூட்டுவது அதனால்தான். அதைத் தாண்ட ஓர் ஆப்ஷன் உண்டு, தாராளமாகப் போடுங்கள். ஆனால் அந்தக் காத்திருப்பு ஏன் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். கடைசியாகச் சொன்ன பதில் வழியில் தொலைந்து, மறுபக்கம் மறுபடி கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும். வேலையை விட்டு வேறு இடம் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைத்த பிறகும் சில நாள் போனை எடுங்கள். உங்கள் இடத்துக்கு வந்தவருக்குச் சந்தேகம் இருக்கும்.

இதையெல்லாம் என் பேச்சை நம்பி ஏற்க வேண்டாம், நீங்களே திறந்து பார்க்கலாம். இந்த ஊரில் 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். கேரளத்து அரசுப் பள்ளிக் குழந்தைகள் லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். அந்த லினக்ஸின் மூல நிரல் யாரும் திறந்து படிக்கும்படி இருக்கிறது. டிசிபி எப்படிப் பதில் சொல்கிறது என்பதை அதிலேயே வரி வரியாகப் பார்க்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பைத்தானில் ஒரு சர்வரும் ஒரு கிளையன்ட்டும் எழுதுங்கள். இருபது வரி போதும். நண்பரின் கணினியில் ஒன்றை ஓட்டி, நடுவில் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். உங்கள் புரோகிராம் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று கவனியுங்கள். பிறகு காலக்கெடு சேர்த்து, ‘முடித்தேன்’ என்ற பதிலைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும், உங்கள் மின்னஞ்சல் பெட்டியில் பதில் இல்லாமல் கிடக்கும் கடிதங்களுக்குத் தலா ஒரு வரியாவது எழுதுங்கள். பார்த்தேன், இன்ன நாளுக்குள் முடிப்பேன் என்று. முடித்ததும் முடித்தேன் என்று இன்னொரு வரி. வேலையில் கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. இவரிடம் சொன்னால் போதும், பதில் வந்துவிடும் என்று நாலு பேர் சொல்லும்படி வாழ்கிறவர்கள் குறைவு. நீங்கள் அந்தக் குறைந்த பேரில் ஒருவராக இருக்க வேண்டும், மக்களே.