நாலாவது டர்னில் வரும் பூனை

ஜனவரி 10, 2017, செவ்வாய்

மேஜிக் கார்டு ஆட்டத்தின் ஸ்டாண்டர்டு பிரிவில் மூன்று கார்டுகளுக்குத் தடை. எம்ரகூல், ரிஃப்ளெக்டர் மேஜ், அப்புறம் என் ஸ்மக்லர்ஸ் காப்டர். செப்டம்பர் கடைசியில் கலதேஷ் தொகுப்பு வந்ததிலிருந்து அந்தக் காப்டரை நம்பித்தான் வெள்ளிக்கிழமைதோறும் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஸ்டாண்டர்டில் தடை அடிக்கடி வருவதில்லை. 2011-இல் ஜேஸுக்கும் ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக்குக்கும் வந்தது. அதற்குப் பிறகு இப்போதுதான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது தடை அல்ல. அடுத்த வாரம் வெளிவரும் ஈதர் ரிவோல்ட் தொகுப்பில் ஃபெலிடார் கார்டியன் என்று ஒரு பூனை இருக்கிறது. நாலு மனா. தாக்கு ஒன்று, தாங்கு நாலு. களத்துக்குள் வரும்போது நம்முடைய வேறொரு கார்டை வெளியே எடுத்து உடனே திருப்பி வைக்கலாம். கலதேஷில் ஏற்கெனவே சஹீலி ராய் இருக்கிறாள்: மூன்று மனா பிளேன்ஸ்வாக்கர், லாயல்டி (அவளுடைய உயிர்க் கணக்கு) மூன்று. அதில் இரண்டைக் கொடுத்தால் நம் உயிரினம் ஒன்றுக்கு நகல் எடுத்துத் தருவாள். அந்த நகல் வந்த டர்னிலேயே தாக்கலாம். ஒரு டர்னுக்கு ஒரு முறைதான் அவளைப் பயன்படுத்த முடியும். ஆனால் பூனை அவளை எடுத்துத் திருப்பி வைத்தால், விதிப்படி அவள் புது ஆள். லாயல்டி மறுபடி மூன்று, மறுபடி ஒரு நகல். நகல் பூனையும் வந்ததும் வராததுமாக சஹீலியை எடுத்து வைக்கும். இதற்கு முடிவே கிடையாது. மூன்றாவது டர்னில் சஹீலி, நாலாவது டர்னில் பூனை, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் இருபது உயிரும் ஒரே தாக்குதலில் போய்விடும்.

கலதேஷ் உலகத்தை இந்தியச் சாயலில் படைத்திருக்கிறார்கள். சேலை மடிப்பும் பித்தளை வேலைப்பாடும் கார்டுகளில் வரும்போது எனக்கு மனசு நிறையும். சஹீலியின் படத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அவளையே எதிர்த்து ஆட வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.

ஜனவரி 14, சனி

பொங்கல். காலையில் சித்தி வீட்டில் பொங்கலும் வடையும். மதியம் சித்தி மகனோடு, வெளியீட்டுக்கு முன் நடக்கும் ப்ரீரிலீஸ் ஆட்டத்துக்குப் போனேன். என் பாக்கெட்டிலேயே ஒரு ஃபெலிடார் கார்டியன் வந்தது. அன்காமன் கார்டு. ஆளுக்கு நாலு எளிதாகச் சேர்த்துவிடுவார்கள்.

ஜனவரி 20, வெள்ளி

முதல் வெள்ளி. காப்டர் போனதால் சிவப்பு, வெள்ளை, கறுப்பு மூன்றும் கலந்த மார்டு வெஹிக்கிள்ஸ் டெக்கைக் கட்டிக்கொண்டு போனேன். இரண்டாவது சுற்றில் எதிரே ஒரு பாலிடெக்னிக் மாணவன். மூன்றாவது டர்னில் சஹீலியை வைத்தான். என்னிடம் அன்லைசென்ஸ்டு டிஸின்டிகிரேஷன் இருந்தது: மூன்று மனா, எந்த உயிரினத்தையும் அழிக்கலாம். அதற்கான மனா தரும் நிலத்தை டேப் செய்யாமல், அதாவது சாய்க்காமல், வைத்திருந்தேன்.

பூனை வந்தது, சஹீலியை எடுத்து வைத்தது. அவள் லாயல்டி இரண்டைக் கொடுத்துப் பூனைக்கு நகல் எடுக்கப் போனாள். நான் பொறுத்தேன். இன்னும் ஒரு படி போகட்டும், அப்போது வெட்டினால் அவனுக்கு நஷ்டம் அதிகம் என்று ஒரு கணக்கு. நகல் வந்ததும் முதல் பூனையை அழித்தேன். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நகல் பூனை சஹீலியைத் திருப்பி வைத்தது; சஹீலி நகலுக்கே நகல் எடுத்தாள். ஆயிரம் பூனைகள் என்று எண்ணிக்கை சொன்னான். கை கொடுத்துவிட்டு எழுந்தேன்.

பதில் கையில் இருந்தும் தோற்றது வலிக்கிறது.

ஜனவரி 22, ஞாயிறு

இன்று முழுவதும் சித்தி வீட்டு மேசையில் ஆட்டம். சித்தி மகனான தம்பியிடம் சஹீலி ஒன்றுதான் இருக்கிறாள். மீதிக்குக் காகிதத் துண்டில் பெயர் எழுதி உறைக்குள் செருகிப் பூனை டெக்கை முழுசாகக் கட்டினோம். அதை ஆடியது நான். எதிர்க்க நினைப்பவர் முதலில் அந்த டெக்கைத் தன் கையால் ஆட வேண்டும். எதிரில் உட்கார்ந்து பார்த்தபோது பேயாகத் தெரிந்த டெக், கையில் எடுத்ததும் தன் பயங்களைக் காட்டத் தொடங்கியது.

ஏழெட்டு ஆட்டம் ஆன பிறகு தம்பி என் கையைப் பிடித்து நிறுத்தினான். “அண்ணே, இங்க நில்லுங்க. இப்ப சஹீலிக்கு எவ்வளவு?”

“ஒண்ணு.”

“ஒவ்வொரு தடவையும் ஒண்ணுதானே?”

அதுதான். மூன்றில் இரண்டைக் கொடுத்துவிட்டு நகலுக்காகக் காத்திருக்கும் அந்தக் கணத்தில் அவளிடம் மீதி ஒன்றே ஒன்று. சுழற்சி எத்தனை முறை ஓடினாலும் அந்தக் கணத்தைத் தாண்டித்தான் ஓட வேண்டும். ஒரு மனாவில் இரண்டு அடி அடிக்கும் ஷாக் போதும். ஷாக்கில் எழுதியிருப்பது உயிரினம் அல்லது ஆட்டக்காரர் என்றுதான். ஆட்டக்காரருக்குப் போகிற அடியை அவருடைய பிளேன்ஸ்வாக்கர் மேல் திருப்பிவிட விதி இடம் தருகிறது. சஹீலி போன பிறகு நகல் பூனை வந்தாலும் எடுத்து வைக்க ஆள் இல்லை. டர்ன் முடிகையில் நகலும் மறைந்துவிடும்.

வெள்ளிக்கிழமை நான் செய்த பிழையும் இங்கேதான் புரிந்தது. களத்தில் பூனை ஒன்றாக இருக்கும்வரை அதைக் கொல்வது பதில். சஹீலி நகல் எடுக்க முயலும் நேரத்தில் கொன்றால் அவளுடைய முயற்சி வீண், லாயல்டியும் ஒன்றில் நிற்கும். பூனை இரண்டாகிவிட்டால் எதைக் கொன்றாலும் மற்றது போதும். உயிரினத்தை அழிக்கும் கார்டு வைத்திருப்பவருக்கு ஒரே ஒரு வாசல். சஹீலியை அடிக்கும் கார்டு வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் வாசல்.

ஃபேட்டல் புஷ் பற்றியும் நெடுநேரம் பேசினோம். அதுவும் ஒரு மனாதான், ஆனால் இரண்டு மனா வரையிலான உயிரினத்தைத்தான் கொல்லும். நாலு மனாப் பூனையைத் தொட வேண்டுமானால் அதே டர்னில் நம் கார்டு ஏதாவது களத்தை விட்டுப் போயிருக்க வேண்டும். த்ரேபன் இன்ஸ்பெக்டர் தரும் துப்பு டோக்கனை உடைத்தால் நடக்கும். ஆனால் அதற்கு இரண்டு மனா, ஆக மொத்தம் மூன்று. எவால்விங் வைல்ட்ஸை உடைக்காமல் வைத்திருந்தால் செலவில்லை. வாக்கிங் பாலிஸ்டா இன்னும் நல்லது. அது சும்மா உட்கார்ந்திருந்தாலே சஹீலி ஒன்றில் நிற்கத் துணியமாட்டாள்.

பிப்ரவரி 3, வெள்ளி

பயம் டெக்கைக் கெடுக்கும் என்று இன்று தெரிந்துகொண்டேன். எழுபத்தைந்து கார்டில் கண்ட பதிலை எல்லாம் திணித்திருந்தேன். ஷாக் நாலு, புஷ் நாலு, பூனைக்கென்றே அத்தாரிட்டி ஆஃப் தி கான்சல்ஸ் மூன்று. அத்தாரிட்டி ஒரு மனா. அது களத்தில் இருந்தால் எதிராளியின் உயிரினங்கள் டேப் ஆகித்தான் உள்ளே வரும். வருகிற ஒவ்வொன்றுக்கும் நமக்கு ஓர் உயிர் கூடும். ஆயிரம் பூனை வந்தாலும் ஒன்றுகூடத் தாக்க முடியாது. பூனைக்காரர் ஒருவரிடம் முதல் டர்னிலேயே அதை வைத்து இரண்டு ஆட்டமும் ஜெயித்தேன். மற்ற மூன்று சுற்றும் தோல்வி. கறுப்பு-பச்சைப் பாம்பு டெக்குக்கு எதிரே அத்தாரிட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்ய? அடிக்கிற கார்டுகளை எடுத்துவிட்டுத் தடுக்கிற கார்டுகளை வைத்திருக்கிறேன். தடுத்துக்கொண்டே இருந்தால் ஆட்டம் முடியாது. எதிராளி அடுத்த சஹீலியை எடுக்கும்வரை அவருக்கு நேரம் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 6, திங்கள்

டப்ளினில் நடந்த ப்ரோ டூர் முடிந்தது. பிரேசிலின் லூகாஸ் எஸ்பர் பெர்த்தூட் வென்றார். அவர் ஆடியது மார்டு வெஹிக்கிள்ஸ். முதல் எட்டுப் பேரில் ஆறு பேரிடம் அதே டெக். என்னுடைய அதே மூன்று நிறம்! வீடியோ பார்த்துக்கொண்டே என் டெக்கைப் பிரித்துப் போட்டேன். முதல் டர்னில் டூல்கிராஃப்ட் எக்ஸெம்ப்ளர், இரண்டாவதில் ஹார்ட் ஆஃப் கிரன். இப்படி இறங்கினால் மூன்றாவது டர்னில் தனியாக வரும் சஹீலி அடுத்த தாக்குதலுக்குத் தாங்கமாட்டாள். பூனைக்காரர் காத்திருக்க வேண்டிவரும். காத்திருக்கும் ஒவ்வொரு டர்னும் அவருக்கு நாலு உயிர் செலவு.

ஷாக் நாலும் டெக்கில் இருக்கட்டும், அது எல்லாருக்கும் எதிராகப் பயன்படும். புஷ் இரண்டு போதும். அத்தாரிட்டி மூன்றும் மாற்றுக் கார்டுகளுக்கான சைட்போர்டுக்கு. தாலியா இரண்டு: அவளும் எதிரியின் உயிரினங்களை டேப் செய்தே உள்ளே விடுவாள், கூடவே தாக்கவும் செய்வாள். தடுக்கிற கார்டு தாக்கவும் வேண்டும் என்பதை இனிமேல் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 17, வெள்ளி

அதே பாலிடெக்னிக் மாணவன். ஆளுக்கு ஓர் ஆட்டம். மூன்றாவதில் அவன் சஹீலியை முதலில் இறக்கவில்லை. என் எக்ஸெம்ப்ளர் அடித்துவிடும் என்று தெரியும். நாலாவது டர்னில் பூனையை வைத்துத் தடுப்புக்கு நிறுத்தினான். முறை மாறினாலும் காம்போ வேலை செய்யும்: களத்தில் பூனை இருக்க, பிறகு சஹீலி வந்தால் அப்போதே நகல்.

என் முறை. கையில் ஷாக், இன்னொரு எக்ஸெம்ப்ளர், நாலு மனா பிளேன்ஸ்வாக்கர் கிதியன். நாலு நிலம். கிதியனை இறக்கினால் ஆட்டம் என் பக்கம் சாயும், ஆனால் நாலு மனாவும் போய்விடும். இறக்கவில்லை. எக்ஸெம்ப்ளரை வைத்துவிட்டு ஹார்ட் ஆஃப் கிரனால் வானத்தில் அடித்தேன். சிவப்பு நிலம் டேப் ஆகாமல் கிடந்தது. அவன் அந்த நிலத்தைப் பார்த்தான், தன் ஐந்து நிலத்தைப் பார்த்தான். அவனுக்கு உயிர் ஆறு. மூன்று மனாவில் சஹீலி, கூட என் பதிலைத் தடுக்கும் நெகேட்டுக்கு இரண்டு, ஆக ஐந்து நிலம் போதும். ஆனால் நெகேட் அவன் கையில் இருக்க வேண்டும். இல்லை.

சஹீலியை வைத்தான். இரண்டைக் கொடுத்தான். மீதி ஒன்று.

“ரெஸ்பான்ஸ்” என்றேன். ஷாக்கை மேசையில் வைத்தபோது விரல் நடுங்கியது. அவன் தலையாட்டி சஹீலியை எடுத்து ஓரமாக வைத்தான். அடுத்த இரண்டு டர்னில் முடிந்தது. ஆட்டம் முடிந்ததும் அவனே கேட்டான்: கிதியன் கையில் இருந்தானா? காட்டினேன். “நான் அவனை நீ இறக்குவாய் என்று நினைத்தேன்” என்றான். நல்ல ஆட்டக்காரன்.

மார்ச் 24, வெள்ளி

பூனைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. இப்போது வருவது நாலு நிற டெக். அட்யூன் வித் ஈதர், ரோக் ரிஃபைனர், வேர்லர் வர்ச்சுவோசோ என்று எனர்ஜி கார்டுகளின் முழுப் படை. காம்போ அதற்குள் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. ரிஃபைனர் வந்தால் ஒரு கார்டு கிடைக்கும், வர்ச்சுவோசோ பறக்கும் டோக்கன்களை உண்டாக்கும். பூனை வெறுமனே ரிஃபைனரை எடுத்து வைத்தாலும் லாபம்தான்.

என் எதிர்ப்புக்கு இது பெரிய அடி. நாலாவது டர்னிலிருந்து ஒவ்வொரு முறையும் ஷாக்குக்கு ஒரு நிலத்தை ஒதுக்குகிறேன். எதிராளி சஹீலியைக் கையில் வைத்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இல்லாவிட்டாலும் நான் ஒதுக்கியாக வேண்டும். அவர் முழு மனாவில் ஆடுகிறார், நான் ஒன்று குறைவாக ஆடுகிறேன். இன்று தோற்ற இரண்டு ஆட்டத்திலும் எதிராளி சஹீலியைக் காட்டவே இல்லை. வராத கார்டுக்குப் பயந்து வந்த கார்டுகளிடம் தோற்றேன்.

தம்பி சொல்வது, “எல்லா டர்னும் பயப்படாதீங்க அண்ணே. அவங்க உயிர் எட்டுக்குக் கீழ போனா நீங்க அடிச்சு முடிங்க. வச்சிருந்தா வச்சிருக்கட்டும்.” அவன் கணக்கு சரி. கை ஒப்புக்கொள்ள இன்னும் சில வாரம் ஆகும்.

ஏப்ரல் 25, செவ்வாய்

புதிய தடை அறிவிப்பு வந்தது. ஸ்டாண்டர்டில் மாற்றம் இல்லை. அமோன்கெட் தொகுப்பு வெளிவருவதற்குள் பூனைக்கு ஒரு முடிவு வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை. சரி, இன்னொரு பருவம் ஷாக்கோடு.

ஏப்ரல் 27, வியாழன்

எழுந்ததும் தம்பியின் செய்தி: “பூனை போச்சு.”

இரண்டே நாளில் முடிவை மாற்றியிருக்கிறார்கள். மேஜிக் ஆன்லைனில் அமோன்கெட் கார்டுகளோடு நடந்த ஆட்டங்களைப் பார்த்த பிறகு ஃபெலிடார் கார்டியனுக்குத் தடை, நாளை முதல். இந்த இணைப்பைத் தயாரிப்பின்போது கவனிக்கத் தவறியதை வடிவமைப்பாளர்கள் முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

தடை சரி என்றே சொல்வேன். அதை எதிர்த்து ஜெயிக்கக் கற்றுக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். பதில் இல்லை என்பதல்ல குறை. பதில் இருந்தது, விலையும் ஒரு மனாதான். ஆனால் அந்த ஒரு மனாவை ஒவ்வொரு ஆட்டத்திலும், ஒவ்வொரு டர்னிலும், எல்லாரும் கட்ட வேண்டியிருந்தது. கிதியனை இறக்கலாமா என்று யோசிக்கிற சுகத்தையே பூனை மூன்று மாதம் எடுத்துக்கொண்டது. ஜனவரியிலேயே செய்திருக்கலாம். முந்தைய அறிவிப்பை நம்பி சஹீலி வாங்கியவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ராத்திரி டெக்கைப் பிரித்தேன். அத்தாரிட்டி மூன்றும் டப்பாவுக்குப் போயின. சித்தி வீட்டில் எழுதிய காகிதத் துண்டுகளை மட்டும் இந்த நாட்குறிப்புக்குள் வைக்கிறேன். நாளை வெள்ளி. ஷாக் நாலும் டெக்கிலேயே இருக்கின்றன.